விபூதிமேல் போட்ட பழி

காலை ஏழே கால். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். பௌர்ணமிக்கு மறுநாள் என்பதால் எதிரே வந்த பஸ்களில் கால் வைக்க இடமில்லை. என் பஸ் பாதி காலி. “கிரிவலம் நேத்தே முடிஞ்சுபோச்சே சார்!” என்றார் கண்டக்டர். சுற்றப் போகவில்லை, மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லவா முடியும்? முப்பத்தைந்து ரூபாயை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செஞ்சியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் ஆபரேஷன் செய்யும் டாக்டர். எங்களைப் போன்ற சிறு மருத்துவமனைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். சரியாகப் போகாத ஓர் ஆபரேஷனை ஒருவர் சொல்ல, டாக்டர், நர்ஸ் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். இதுவரை அடுத்தவர் கதையைக் கேட்டுத் தலையாட்டியவன் நான். இம்முறை என் கதை.

ஒன்பதரை. பேருந்து நிலையத்திலிருந்து செங்கம் சாலைக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஆசிரமத்தைத் தாண்டி ஒரு விடுதியின் மாடி, ஜன்னல் நிறைய மலை. கூட்டம் அங்கேதான். காபி ஆறும் முன்பே என்னைப் பேச எழுப்பிவிட்டார்கள்.

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஏழுமலைக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஐந்தாம் நாள் சீழ் பிடித்து, தையலைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி பச்சையம்மாள் மூன்றாம் நாள் கோயில் விபூதியைக் காயக் கட்டின்மேல் பூசியிருந்தார். வார்டே கேட்க அவரைத் திட்டித் தீர்த்தேன். “காரணம் அதுதான்” என்று சொல்லி உட்காரப் போனேன்.

வேறொரு மருத்துவமனையில் இருபது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற நர்ஸ் நஸீமா விடவில்லை. “கட்டுக்கு மேலதானே சார் பூசினாங்க? உள்ள போகலையே? ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த இடத்துல முடி யாரு எடுத்தாங்க?”

“வார்டுல எடுத்திருப்பாங்க. முதல் நாள் சாயங்காலம், பிளேடு வெச்சு.”

“எடுத்திருப்பாங்களா, எடுத்தாங்களா?”

அங்கேயே வார்டுக்குப் போன் போட்டேன். பிளேடுதான். இரண்டு இடத்தில் கீறலும் விழுந்ததாம்.

“நாங்களும் அப்படித்தான் பண்ணிட்டிருந்தோம் சார்,” என்றார் நஸீமா. “கீறல் வழியா கிருமி உள்ள போயிடும்னு இப்போ பிளேடே கிடையாது. தேவைப்பட்டா மட்டும், தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி மெஷின்ல வெட்டறோம். சீழ் புடிக்கிறது கம்மியாயிடுச்சு.”

பிளேடு கூடாது என்று நானும் படித்தவன்தான். என் வார்டில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. கீறல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விபூதிதான் என்று அடித்துச் சொன்னவன் ஆயிற்றே நான்!

மாலை நாலு மணி. பஸ் ஏறும் முன்பே வார்டுக்குச் சொல்லிவிட்டேன்: இனிமேல் பிளேடு கிடையாது, மெஷின் வரும்வரை முடியில் யாரும் கைவைக்க வேண்டாம். எங்கள் மருத்துவமனையில் தவறு நடந்தால் யார் செய்தது என்றுதான் கேட்போம். இந்தக் கூட்டத்தில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். செஞ்சிக்குச் சீட்டு வாங்கியவன் கீழ்பென்னாத்தூரிலேயே இறங்கினேன்.

பச்சையம்மாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். “இப்பல்லாம் கட்டுகிட்ட நான் போறதே இல்ல சார்.”

“தப்பு உங்க மேல இல்லம்மா. அவசரப்பட்டுத் திட்டிட்டேன். கோளாறு எங்க ஆஸ்பத்திரியிலதான் இருந்திருக்கு.”

அவர் அழவில்லை, கும்பிடவும் இல்லை. முறத்தை ஓரமாக வைத்தார்.

“ஒரு மாசமா இந்த வீட்ல எனக்கு அதே பேச்சுதான் சார். அவரும் மாமியாரும் உள்ளதான் இருக்காங்க. இத அவங்க எதிர்ல வந்து சொல்லுங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனேன்.