சேவல் டீச்சர்

பக்கத்து அறை ஒன்றாம் வகுப்பு, என்னுடையது மூன்று. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினால் இந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுவிடும். அங்கே பாடம் நடத்துகிறவளைப் பள்ளிக்கூடமே சேவல் டீச்சர் என்றுதான் சொல்லும்.

காரணம் இருக்கிறது. வகுப்பு சந்தைக்கடை ஆனால் அவள் அதட்டமாட்டாள். "இருட்டிடுச்சு" என்பாள். பிள்ளைகள் மேசையில் தலை கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். சத்தம் அடங்கியதும் கழுத்தை நீட்டிச் சேவல் மாதிரி கூவுவாள். அப்போதுதான் நிமிரலாம், வேறு யார் சொன்னாலும் நிமிரக்கூடாது. அதுதான் விளையாட்டு. அந்தக் கூவலுக்கு என் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பார்கள். அதட்டலை விட்டால் எனக்கு வேறு வித்தை தெரியாது, எரிச்சல் வராதா? எத்தனை தடவை தடுப்பைத் தட்டியிருக்கிறேன்.

புருஷன் செத்துப்போன பிறகு, லீவு முடிந்து வந்தாள். கூவல் நின்றுபோனது. பிள்ளைகள் மேசைமேல் ஏறிக் குதித்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்படியே போனால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவளை ஆபீஸில் உட்கார வைப்பதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"இந்த வாண்டுங்களும் இல்லைன்னா, காலைல நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?" என்று என்னிடம் கேட்டாள். அழுதுகொண்டு கேட்டிருந்தாலாவது தேவலை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. வெகுநேரம் அப்படியே இருந்தது. போய்ப் பார்த்தேன். எனக்கு முன்பே தலைமையாசிரியை வாசலில் நின்றிருந்தார். உள்ளே பிள்ளைகள் அத்தனை பேரும் தலை கவிழ்ந்து கிடந்தார்கள். இருட்டிவிட்டது என்று சொன்னவள், கூவ மறந்து ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

தலைமையாசிரியை எல்லாரையும் எழுந்திருக்கச் சொன்னார். ஒரு தலைகூட அசையவில்லை. நானும் ஓர் அதட்டல் போட்டேன். என் வகுப்பு நடுங்கும் அதட்டல் அது. இந்த அரை டிக்கெட்டுகள் மசியவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி முகத்தை எடுக்காமலே சொன்னாள்.

"சேவல் இன்னும் கூவல."

டீச்சர் திரும்பினாள். பிறகு, வருகைப் பதிவு வாசிக்கிற அதே குரலில், "கொக்கரக்கோ" என்றாள்.

தலைகள் நிமிர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை. கன்னத்தில் மேசை அழுத்திய தடத்தோடு அந்தச் சிறுமி அவளையே பார்த்தாள்.

"டீச்சர், சேவலுக்கு உடம்பு சரியில்லையா?"

"ஆமாம்மா."

"பரவால்ல டீச்சர். மெதுவாவே கூவட்டும். நாங்க படுத்துட்டு இருக்கோம்."

தலைமையாசிரியை என் பக்கம் குனிந்து, "அவங்களே இருக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். இப்போதாவது அழுவாள் என்று நான் நின்று பார்த்தேன். அழவில்லை. சாக்பீஸை எடுத்து, பாதியில் விட்டிருந்த கூட்டல் கணக்கை எழுத ஆரம்பித்தாள்.