டவர் பொருத்தம்

எங்கள் வீட்டுச் சமையலறை கேரளாவில் இருக்கிறது. வாசல் தமிழ்நாட்டில் இருக்கிறது. நடுவிலுள்ள கூடத்துக்கு எந்த அரசாங்கமும் பொறுப்பில்லை. என் போன் அப்படித்தான் சொல்கிறது. கூடலூரைத் தாண்டி எல்லையை ஒட்டிய ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்கு பேக்டரி சூப்பர்வைசர் வேலை. சரிவில் ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அப்பா போன பிறகு அதில் அம்மாவும் நானும்தான். காலையில் காபி போட அடுப்படிக்குப் போனால் கேரளம் என்னை அன்போடு வரவேற்று ஒரு மெசேஜ் அனுப்பும். டம்ளரோடு வாசலுக்கு வந்தால் தமிழ்நாடு வரவேற்கும். தினமும் இத்தனை வரவேற்பு வாங்குகிறவன் ஒன்று மந்திரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் சரிவில் குடியிருக்க வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். என் சிம் கம்பெனிக்கு எங்கள் மலையில் டவர் கிடையாது, கூடலூர் டவரின் வால் மட்டும் வாசலைத் தொட்டுவிட்டுப் போகும். அதனால் டவர் வைத்திருக்கும் இன்னொரு கம்பெனியோடு ரோமிங் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. என் ஆள் உன் டவரில் பேசிக்கொள்ளட்டும், வேறொரு இடத்தில் உன் ஆள் என் டவரில் பேசிக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. விளம்பரத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடும் இந்தக் கம்பெனிகள், உள்ளுக்குள் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டு சம்பந்திகளாக வாழ்கின்றன. ஆனால் அந்தச் சம்பந்தியின் டவர் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கேரளத்து மலையில் நிற்கிறது. ஆகவே நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே வெளிமாநிலத்துக்காரன் ஆகிவிடுகிறேன். அங்கே கரண்ட் போனால் எந்த மாநிலத்துக்காரனும் இல்லை. எங்கள் பக்கத்திலும் ஒரு டவரை நட்டார்கள். நட்டதோடு சரி. யானைகள் அதன் வேலியில் முதுகு சொறிந்துவிட்டுப் போகின்றன, வேறு யாருக்கும் அதனால் உபயோகமில்லை.

ஒருமுறை கஸ்டமர் கேருக்குப் போன் செய்து புகார் சொன்னேன். தமிழில் பேசிய பெண் நான் கேரளாவில் இருப்பதாகச் சொல்லி மலையாளத்துக்கு மாற்றிவிட்டாள். மலையாளத்தில் பேசியவர் நான் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் என்று கண்டுபிடித்து மறுபடி தமிழுக்கே தள்ளிவிட்டார். மூன்றாவதாக வந்தவர் போனை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அணைத்தேன். போட்டேன். கேரளம் என்னை அன்போடு வரவேற்றது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகத்தான் இருந்தது, எனக்குப் பெண் பார்க்க ஆரம்பிக்கும் வரை. ஊரில் எல்லோருக்கும் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். எங்கள் சரிவில் இருக்கும் பையன்களுக்குப் பதினொன்று. முதலில் வந்த வரனில் பெண் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். டவர் இல்லை என்றதும் அந்தப் பேச்சு அன்றே முடிந்தது. இரண்டாவது வரனில் பெண்ணின் அண்ணன் நேரில் வந்தான். வாசலில் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தான். அம்மா டீ கலந்து கொண்டுவருவதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டான். அவனவன் எங்கள் மலைக்கு வந்து மூச்சை இழுத்து ஆகா என்கிறான், பெண் கொடுக்க மட்டும் எவனும் தயாரில்லை.

மூன்றாவதாக அமைந்தவள் குன்னூர்க்காரி. தனியார் லேப் ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. அம்மா இல்லை. அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“உங்க பேக்டரி டீத்தூள நீங்க குடிப்பீங்களா?”

“இல்லீங்க. நான் காபி.”

அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. முப்பத்துநான்கு வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனிமேல் யாரையும் பார்க்க வேண்டாம் என்று பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவள் அப்பா எனக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்தது மலையாளத்துக்காரி. “நிங்ஙள் விளிக்குன்ன சப்ஸ்கிரைபர் பரிதிக்குப் புறத்தாணு” என்றாளாம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறேன் என்று அர்த்தம். அதைத் தமிழில் சொல்லியிருந்தால் மனிதர் பேசாமல் வைத்திருப்பார். மலையாளத்தில் சொன்னது வினையாகிவிட்டது. சாயங்காலம் லைன் கிடைத்ததும் விசாரணை தொடங்கியது.

“எங்க தம்பி இருக்கறீங்க?”

“எஸ்டேட்லதானுங்க சார்.”

“மலையாளத்துல சொல்லுச்சுங்களே?”

“அது டவருங்க சார்.”

“டவரு எதுக்குங்க தம்பி மலையாளம் பேசுது?”

நான் ரோமிங் ஒப்பந்தத்தை விளக்கினேன். கம்பெனிகளின் சம்பந்தம் வரைக்கும் விளக்கினேன். பேசப் பேச எனக்கே நான் புளுகுகிறேனோ என்று சந்தேகம் வந்தது. எல்லை தாண்டி அடிக்கடி போகிறவன் லாட்டரிச் சீட்டுக்காகப் போகிறான் என்பது மலை முழுக்கத் தெரிந்த விஷயம். அவரும் அதைத்தான் முதலில் நினைத்திருக்கிறார். அடுத்து வேறொன்றும் நினைத்து, நேராக அம்மாவிடமே கேட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. தம்பிக்கு அங்க கேரளாவுல குடும்பம் கிடும்பம் ஏதாச்சும்...”

“அட போங்க,” என்றார் அம்மா. “இவனுக்கு இங்கயே ஒண்ணு அமைய மாட்டேங்குது. இதுல அங்க வேற ஒண்ணாக்கும்!”

பெற்ற தாய் இவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு அந்தச் சந்தேகம் ஒழிந்தது. ஆனால் அவள் அப்பா அசையவில்லை. “பொண்ண எங்க வேணாலும் குடுப்பனுங்க, போன் எடுக்காத எடத்துக்குக் குடுக்க மாட்டனுங்க” என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு டவருக்காக மனுஷனை வேண்டாம் என்பார்களா?

அவளும் நானும் பேசிக்கொள்வதை மட்டும் நிறுத்தவில்லை. டவர் உருப்படியாகக் கிடைக்கும் ஒரே இடம் சமையலறையில் கேஸ் அடுப்புக்கும் மிக்சிக்கும் நடுவில். அங்கே சுவரோடு ஒட்டி நின்றுதான் நான் காதல் வளர்த்தேன். அம்மா பக்கத்திலேயே வெங்காயம் அரிந்துகொண்டிருப்பார். நான் ஏதாவது குழைந்து பேசினால் மிக்சியைப் போட்டுவிடுவார். அங்கே வைத்துத்தான், உங்கப்பா என்ன இப்படிப் பிடிவாதக்காரர் என்று அவளிடம் கடுப்பாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கறேன்,” என்றாள். “அவரு பேக்டரிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாதுங்க. கேட்லயே வாங்கி வெச்சுப்பாங்க. அம்மா ஊட்ல விழுந்த அன்னிக்கு நான் காலேஜ்ல இருந்தேன். பக்கத்து ஊட்டு அக்கா அப்பாவுக்குப் போட்டுட்டே இருந்திருக்காங்க. போன் கேட்ல அடிச்சிட்டே இருந்திருக்கு. சிப்ட் முடிஞ்சு வெளிய வந்து பாத்தப்பத்தான் அவருக்குத் தெரியும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுங்க.”

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டார். அந்தச் சாவுக்குப் பிறகு அவள் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை மகளுக்குப் போன் போடுகிறார், அவள் எடுக்கச் சற்றுத் தாமதமானாலும் எப்படி லேப் வாசலுக்கே வந்து நிற்கிறார் என்றெல்லாம் சொன்னாள். “என்னால அவர விட்டுட்டு ஓடி வரவும் முடியாதுங்க. அவருக்குப் பயந்துட்டே காலம் பூராவும் இருக்கவும் முடியாது” என்றாள். ஒரு வாரம் எனக்கு அவரைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. என் இயல்புக்கு அது பெரிய இடைவெளி.

மகள் விடாமல் பேசியதில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவே வருகிறேன் என்றார். பையன் வீட்டை நேரில் பார்க்கிறாராம். மகளுக்கு அன்றும் லேப் டூட்டி, தனியாகத்தான் வந்தார். வரும் வழியில் ஒரு வளைவில் அவருடைய கம்பெனியின் கேரளத்து டவர் ஒன்று ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கும், பிறகு மறைந்துவிடும். அவருடைய சிம்முக்கு எங்கள் சரிவில் அடுப்படியிலும் டவர் கிடையாது, என் கம்பெனிக்கு வாய்த்த சம்பந்தி அவருடைய கம்பெனிக்கு வாய்க்கவில்லை. வாசலில் இறங்கியதும் போனை எடுத்துப் பார்த்தார். அவசர அழைப்பு மட்டும் என்று காட்டியது. முகத்தைச் சுளித்துவிட்டு ஏதோ தட்டினார்.

“வந்து சேந்துட்டேன்னு பொண்ணுக்கு மெசேஜ் போட்டுட்டனுங்க தம்பி” என்று சொல்லி போனைச் சட்டைப் பையில் போட்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

பரீட்சைக்கு வந்தவர் மாதிரி அவர் நடந்துகொள்ளவே இல்லை. பேக்டரியைச் சுற்றிக் காட்டினேன். இலை வாடப் போட்டிருந்த தொட்டிக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தார். மதியம் அம்மா மரவள்ளிக் கப்பையும் மீன் குழம்பும் வைத்திருந்தார். “குச்சிக்கெழங்க இப்பிடிக் கூடப் பண்ணலாமுங்களா?” என்று கேட்டுக் கேட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கூடத்து நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டை வாசல் வரை கேட்டது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் யாரையும் கூப்பிடவில்லை. அவருக்கு இப்படி ஒரு பகல் வாய்த்து எத்தனை காலம் ஆயிற்றோ. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நாலு மணிக்கு எழுந்து டீ குடித்தார். அந்த நேரம்தான் நான் அடுப்படிக்குப் போனேன். என் போன் துடிக்க ஆரம்பித்தது. அவளுடைய தவறிய அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. பதறிப்போய் அவளுக்குப் போட்டேன். இப்போது அவள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தவர் வாசலுக்குப் போய் நின்றார். போனைத் தலைக்கு மேல் தூக்கி இப்படியும் அப்படியும் திரும்பினார்.

அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஷேர் ஜீப் ஒன்று வளைவில் திரும்பி வந்து நின்றது. அவள் இறங்கினாள். லேப் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, நேராக அவரிடம் போனாள்.

“எத்தன தடவ போட்டேன் தெரியுங்களாப்பா? பத்து மணியிலிருந்து போட்டுட்டே இருக்கறேன். அந்த மலையாளத்துக்காரி சொன்னதையே சொல்லீட்டு இருக்கறா. இவரு போனும் போகல. வேலையப் போட்டுட்டு பஸ் ஏறுனேன். வழியெல்லாம் பள்ளத்தையே பாத்துட்டு வந்தேன், எங்கயாச்சும் விழுந்து கெடக்கறீங்களோன்னு. ரோட்ல யானை கீனை...” அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

“மெசேஜ் போட்டனே அம்மிணி.” அவர் போனை எடுத்து நீட்டினார். வந்து சேந்துட்டேன் என்று தட்டியிருந்தார். அதன் பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. காலையில் தட்டிய மெசேஜ் இன்னும் போனை விட்டே வெளியே போகவில்லை. அவர் அதை உற்றுப் பார்த்தார். பிறகு மகளின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

“எனக்கென்ன சாமி ஆச்சு? குச்சிக்கெழங்கு தின்னேன், தூங்குனேன். நான் நல்லாத்தான இருந்தேன். டவரு இல்ல, அவ்வளவுதான்.”

அவள் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“நானும் அப்பிடித்தாங்கப்பா இருப்பேன்.”

அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் மட்டும் வாசலிலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க மாப்பிள்ளே, இங்க எந்த சிம்மு நல்லா எடுக்கும்?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

“எதுவும் நல்லா எடுக்காதுங்க மாமா.”

“செரி,” என்றார் அவர். “உடுங்க.”