எட்டுக்கு மேல் தாங்காது

குளிக்கப் போகும்போதும் அவர் மடிக்கணினியின் மூடியைச் சாத்துவதில்லை. "அப்பப்ப மவுஸைத் தட்டிவிடு, தூங்கிடப் போறான்" என்று மனைவிக்குக் கட்டளை. அது கண்ணயர்ந்தால் நான்கு வீட்டுக் கைப்பேசிகளும் சேர்ந்து குறட்டை விடும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். மின்னலில் வைஃபை பெட்டி கருகிய நாளிலிருந்து, இணையக் கம்பியை நேரே கணினியில் செருகி, அதையே பெட்டியாக்கி அக்கம்பக்கத்துக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறார். புதுசு வாங்கச் சொன்னால், "இவனே பண்றானே, எதுக்கு இன்னொண்ணு?" என்பார். 'டவர்' என்று பட்டப்பெயர் வந்ததில் கொள்ளைப் பெருமை.

ஆனால் மொத்தம் எட்டுக் கைப்பேசிகளைத்தான் அது சேர்த்துக்கொள்ளும். ஒன்பதாவது ஆள் கேட்டால், முதலில் அணையவேண்டியது மனைவியுடையது. "ஊருக்கு அள்ளிக் குடுங்க, எனக்குக் கிள்ளிக்கூடக் குடுக்காதீங்க" என்பார் அந்த அம்மாள். எட்டுப் பேரும் கூடிவிட்டால், கணவரின் வரைபடத் திரையில் ஒரு கோடு நகர்வதற்குள் கொட்டாவி வந்துவிடும்.

அவர்கள் குடியிருக்கும் அந்தக் கட்டடமும் அவர் வரைந்ததுதான். சுவர் ஒன்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்றவர். இப்போது அதைத் தாண்டுவதற்குள் வைஃபைக்கு நாக்குத் தள்ளுகிறது. கைப்பேசியின் சொந்த சிக்னலோ மருந்துக்கும் கிடையாது. "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்று சிரிப்பார்.

போன வாரம் கீழ்வீட்டு மருமகளுக்குக் கைப்பேசியில் வேலைக்கான நேர்காணல். குழந்தை பிறந்து மூன்று வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. குழந்தைக்குக் காய்ச்சல், அப்போதுதான் கண் மூடியிருந்தது, அதை விட்டுவிட்டு மேலே வர முடியாது. "மாமா, விட்டு விட்டு வருது!" என்று கீழ்ப் பால்கனியிலிருந்து பரிதவித்தாள்.

"அங்கேயே நில்லும்மா." கம்பி எட்டிய மட்டும் இழுத்து, கணினியைத் தன் பால்கனிக் கைப்பிடிக்கு வெளியே இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தார். யாரும் சொல்லாமலே மனைவி தன் கைப்பேசியை அணைத்தார்.

"இப்ப நல்லா கேக்குது சார்" என்று நேர்காணல் செய்பவரிடம் சொன்னது கீழே அவள் குரல். பத்து நிமிடம். இருபது நிமிடம். தோள் கடுத்தது. வாங்கிக்கொள்ள வந்த மனைவியை, "தொடாத, அசைஞ்சா அறுந்துடும்" என்று கிசுகிசுத்துத் தடுத்தார்.

"எப்போ வேலையில வந்து சேர முடியும்?" என்று கீழே கைப்பேசியில் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கொசு அவர் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. டவர் கையை எடுக்கவில்லை. கீழுதட்டை மட்டும் நீட்டி, சத்தம் வராமல், மேல்நோக்கி ஊதினார்.