நான்கு பாட்டுகளுக்குப் பிறகு

அந்தக் கசெற்றின் முதற் பக்கத்தில் ஐந்து பாட்டுகள், இரண்டாம் பக்கத்தில் நான்கு. நான்காவது பாட்டு அடங்கும்போதே என் விரல் பொத்தானில் இருக்கும். டக்கென்று நிறுத்திவிடுவேன். பிறகு கசெற்றை வெளியே எடுத்து, அதன் பல்லுள்ள ஓட்டைக்குள் பென்சிலைச் செருகிச் சுற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுவருவேன். பொத்தானை அமத்திச் சுற்றவிட்டால் பற்றரி போய்விடும் என்பது நான் போட்ட சட்டம். எண்பத்தாறாம் ஆண்டு, முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி நான்கு கிடைத்தால் அது மாதக்கணக்கில் நின்றுபிடிக்க வேண்டும். சோர்ந்துபோனதை முற்றத்து வெயிலில் மிளகாய்க்குப் பக்கத்தில் காயவைத்து, இன்னும் இரண்டு பாட்டுக் கேட்டுவிடுவோம். கசெற் ரேடியோவுக்கு நான்தான் அதிகாரி. பதினேழு வயதில் வேறு எந்த அதிகாரமும் கையில் இல்லாதவள் கிடைத்ததை விடுவாளா?

கசெற்றை அனுப்பியது அண்ணன். அவர் மேற்கு ஜேர்மனிக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அங்கே இருக்கவிடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஊருக்கு வந்த ஒருவர் கையில் அம்மாவுக்கு ஒரு சேலையும், எனக்குச் சட்டைத் துணியும், ஒரு கடிதமும், இந்தக் கசெற்றும் கொடுத்துவிட்டிருந்தார். கடையில் வாங்கிய கசெற் அல்ல; யாரோ நண்பனின் இசைத்தட்டிலிருந்து வெற்றுக் கசெற்றில் பதிந்தது. அட்டையில் அண்ணனின் சரிந்த எழுத்தில் ஒன்பது பாட்டுகளின் பெயர்கள். பாடியவர்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாதது, ஆகவே இங்கும் எழுதவில்லை. அவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பாடுகிறாள், ஒருவன் இயந்திரங்களை வாசிக்கிறான்.

அம்மாவுக்கு அதை நம்பவே முடியவில்லை. "ரெண்டு பேரோ? அப்ப இந்த மேளம் அடிக்கிறவன் ஆர்? மிச்சப் பேரையும் எண்ணிப் பாத்துச் சொல்லு பிள்ளை" என்றார். அந்த மேளமும் இயந்திரம்தான் என்று அண்ணன் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். ஆனால் மெட்டுகளை அம்மா உடனே பிடித்துக்கொண்டார். இரண்டாவது தரம் கேட்கும்போது அரிசி புடைத்தபடி தலையாட்டினார். "இது எங்கடை காலத்துப் பாட்டு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அது உண்மை. பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தம் நாங்கள் முன்பின் கேட்டிராதது, தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுவதுபோலத் துள்ளிக்கொண்டு வரும். மெட்டு மட்டும் அம்மா இளமையில் வானொலியில் கேட்ட மெதுவான காதல் பாட்டுகளின் சாயலில் இருக்கும். அந்த இரண்டு பேரும் தங்கள் தாய் தகப்பன் காலத்துப் பாட்டுகளில் மயங்கிப்போய்த்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று அண்ணனும் எழுதியிருந்தார். கடிதத்தின் முடிவில் ஒரு வரி: "கடைசிவரை கேளுங்கள். கடைசியில்தான் விசயம் இருக்கு."

அந்த வரியை நான் உரத்து வாசித்தபோது மச்சாளும் அங்கே இருந்தார். மச்சாள் என்றால் அம்மாவின் தமையனின் மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவர். இரண்டு வயலுக்கு அப்பால் வீடு. சனிக்கிழமைகளில் தையல் வகுப்பு முடிந்ததும் சைக்கிளை எங்கள் படலையில் சாத்திவிட்டு வருவார். அவருக்கும் அண்ணனுக்கும் இடையில் என்ன இருந்தது என்று கேட்டால், வெளியில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. அண்ணன் புறப்பட்ட அன்று "கடிதம் போடுவீங்களோ?" என்று மட்டும் மச்சாள் கேட்டார். "போடுவன்" என்றார் அண்ணன். போட்டார்தான், எங்கள் விலாசத்துக்கு. அந்த நாட்களில் கடிதம் ஒரு ஆளுக்கு வராது, வீட்டுக்கு வரும். விறாந்தையில் எல்லோரும் கூடியிருக்க நான் வாசிப்பேன், மாமியும் மாமாவும் சில வேளை பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார்கள். அதில் ஒருவர் மனதில் உள்ளதை எப்படி எழுதுவது?

அதனால்தான் மச்சாள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் விசயம் இருக்கிறது என்றால் கடைசிப் பாட்டில் இருக்கிறது. மாமாவின் பழைய ஆங்கில அகராதியைத் தையல் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். மூன்று சனிக்கிழமை அந்த ஒரு பாட்டையே போட்டோம். நான் நிறுத்தி நிறுத்திப் போட, மச்சாள் காதைப் பெட்டியோடு வைத்துச் சொல்லாகப் பிடித்து, சட்டை அளவுகள் எழுதிய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினார். ஒரு பொத்தானுக்கு எத்தனை தரம் என்று நான் முறுமுறுத்தது இன்றைக்கும் காதில் கேட்கிறது. மூன்றாம் சனிக்கிழமை பொருள் தெரிந்துவிட்டது. ஒரு புகையிரத நிலையம். ஒருத்தி தன்னை விட்டுப் போகிறவனிடம் சொல்கிறாள்: இனி என்னைத் தேடவேண்டாம், நானும் உன்னைத் தேடமாட்டேன், இருவரும் வேறு வேறு வழியில் நன்றாக இருப்போம்.

"இதுதான் அவர் சொன்ன விசயம்" என்றார் மச்சாள்.

"சும்மா பாட்டு மச்சாள். அவருக்குப் பிடிச்ச பாட்டாக்கும்."

"சும்மாவெண்டால் ஏன் அப்பிடி எழுதினவர்?"

மச்சாள் அழவில்லை. கொப்பியை மூடி, அகராதியை நூற்கட்டைகளுக்கு அடியில் வைத்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதங்களிலும் அண்ணன் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்: கசெற்றை முழுதாகக் கேட்டீர்களா? இரண்டு தரமும் நான் பதில் எழுதினேன். முழுதாகக் கேட்டோம், அம்மாவுக்கும் பிடித்துவிட்டது, மச்சாளும் வந்து கேட்டவா. மூன்றாவது கடிதத்தில் அண்ணன் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு வித்தியாசமாகவே படவில்லை.

அக்கராயனிலிருந்து மச்சாளுக்குச் சம்பந்தம் வந்தது அந்த வருடக் கடைசியில். வயல்காரர், அமைதியானவர், பெண்ணைப் பார்த்துவிட்டு உடனே சம்மதம் சொன்னார். மாமி கேட்டபோது மச்சாளும் "ஓம்" என்றார். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கிவிட்டு வந்து கலியாணத்தை நடத்தினார்கள். அடுத்த கிழமை புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் அம்மா விருந்துக்கு அழைத்தார். மாப்பிள்ளைக்குப் பாட்டுப் போட்டுக் காட்டவேண்டும் என்று நான்கு புதுப் பற்றரியும் வாங்கினோம்.

விருந்தன்று காலை, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். புதுப் பற்றரி என்ற துணிவில் வழக்கமான கஞ்சத்தனத்தை மறந்து, பாட்டை ஓடவிட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். வாளியைப் பாதிவரை இழுத்திருப்பேன். வீட்டுக்குள் அண்ணனின் குரல் கேட்டது. வாளியைக் கைவிட்டுவிட்டு ஓடினேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார் என்று சத்தியமாக நம்பினேன். அறையில் ஒருவரும் இல்லை. பெட்டி பேசிக்கொண்டிருந்தது.

நான்கு பாட்டுகளுக்குப் பிறகு, நீண்ட வெறுமைக்குப் பிறகு, அண்ணன் பேசிப் பதிந்து வைத்திருந்தார். பெரியவர்கள் பாட்டு முடிந்ததும் எழும்பிப் போய்விடுவார்கள், இரண்டு குமர்ப்பிள்ளைகள் மட்டும்தான் கடைசிவரை இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தங்கச்சியின் பென்சிலை அவர் நினைக்கவில்லை. மச்சாளுக்குத்தான் பேசியிருந்தார்: இங்கே இருக்கவிடுகிற விசயம் முடிவாக இரண்டு வருடம் ஆகலாம், அதுவரை பொறுத்திருப்பீரோ, கடிதத்தில் எழுதினால் எல்லோரும் வாசிப்பார்கள், சம்மதம் என்றால் தங்கச்சியின் கடிதத்தில் நீரும் ஒரு வரி எழுதும், சுகமோ என்று கேட்டாலும் போதும், எனக்கு விளங்கும். அவ்வளவுதான். சொற்கள் இவையேதானா என்று இன்று சத்தியம் செய்யமாட்டேன். நான் கேட்டது ஒரே ஒரு தரம், அதுவும் பாதியிலிருந்து.

படலையில் சைக்கிள் மணி கேட்டது. அம்மா "வாங்கோ, வாங்கோ" என்று எதிர்கொண்டு போனார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை பாட்டுப் போடச் சொல்வார். கசெற்றை ஒளித்து வைத்திருக்கலாம், நாடா அறுந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது: பாட்டு முடிந்த இடத்துக்குத் திருப்பி, பதிகிற சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமத்தினேன். நாடா முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அண்ணன் பேசிய இடத்தில் எங்கள் முற்றத்துக் கோழிகளும், விறாந்தையில் மச்சாளின் புருசன் தண்ணீர் கேட்ட குரலும் பதிந்தன.

கலியாணச் செய்திக்கு அண்ணன் எழுதிய பதில் இரண்டு சொல்: "சந்தோசம். நல்லாயிருக்கட்டும்." பிறகு அவரும் அங்கேயே ஒருத்தியைக் கலியாணம் முடித்துப் பிள்ளைகளைப் பெற்றார். பெட்டியும் கசெற்றும் பின்னாளில் நாங்கள் ஊரைவிட்டு ஓடிய வழியில் எங்கோ தொலைந்தன. ஒரு தரம் அண்ணன் வந்து என் வீட்டில் பத்து நாள் நின்றார். பத்து நாளும் சொல்ல வாயெடுத்து, சோறு போடட்டோ என்று கேட்டு முடித்தேன். போன மாசியில் அவர் அங்கேயே காலமானார்.

செத்தவீட்டுச் செய்தி ஆறியபின் என் மகள் அந்தப் பாட்டுகளைத் தொலைபேசியில் தேடி எடுத்துத் தந்தாள். ஒன்பதும் இருந்தன. கடைசிப் பாட்டு முடிந்த கையோடு வேறு யாரோ பாடத் தொடங்கிவிட்டார்கள், இடையில் ஒரு மூச்சுக்கும் இடமில்லை. அன்று பின்னேரமே அக்கராயனுக்கு அழைத்தேன். மச்சாளின் புருசன் காலமாகி ஆறு வருடம். இனி யாருக்கு நோகும் என்று நினைத்து முழுவதையும் சொன்னேன். பென்சிலைச் சொன்னேன், சிவப்புப் பொத்தானையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பிடித் தொடங்கினவர்?" என்று கேட்டார்.

"தொடக்கம் நான் கேக்கேல்லை மச்சாள். கிணத்தடியிலை நிண்டனான்."

"என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவரோ?"

எங்கள் வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எனக்கு மச்சாள், அம்மாவுக்குப் பிள்ளை. அண்ணன் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே கதைத்துச் சமாளிப்பார்.

"ஓம்" என்றேன்.

"முழுப் பேரோ, வீட்டுப் பேரோ?"

"வீட்டுப் பேர்."

"எப்பிடிக் கூப்பிட்டவர்? ஒருக்கால் சொல்லு."

ஐம்பது வருடமாக மச்சாள் என்று மட்டுமே கூப்பிட்ட வாயால், அண்ணன் கூப்பிட்டிருந்தால் எப்படிக் கூப்பிட்டிருப்பாரோ அப்படி, அந்தப் பெயரைச் சொன்னேன்.