சாதியா விட்டுக்கொடுக்காத குழலிசை

சாதியா அந்த வீடியோவை எடுத்ததே கதிரேசன் கேட்டதால்தான்.

சாதியா மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கதிரேசன் கிராஞ்சியில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் தங்கிக் கட்டுமான இடங்களில் கம்பி கட்டுகிறவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு நான்கு பயிற்சிகள் சொல்லிக்கொடுத்து, அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

"லீவு குடுக்க மாட்டாங்கக்கா. இதை ஒரு வீடியோவா எடுத்துப் போட்டீங்கன்னா ரூம்லயே செஞ்சுக்குவேன். அங்க பாதிப் பேருக்கு இடுப்பு வலிதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பொங்கோலில் உள்ள தன் வீட்டு ஹாலில் பாயை விரித்தார். கணவர் அஸ்மத் போனைப் பிடித்துக்கொண்டார். மூச்சை இழுத்து விடுவதற்குத் தோதாக, பின்னணியில் நிதானமான ஒரு புல்லாங்குழல் இசை. பெயரைப் போட்டால் போதும், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார்கள். சாதியாவும் வீடியோவுக்குக் கீழே மறக்காமல் எழுதினார்: குழல், நிரஞ்சனா, ஈப்போ.

வீடியோ விடுதி விடுதியாகப் போனது. காலையில் வேலைக்குக் கூட்டிப்போகும் லாரி வருவதற்கு முன்னால் கதிரேசன் போனை ஜன்னலில் சாய்த்து வைப்பார். அறையில் இருப்பவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக் குனிந்து நிமிர்வார்கள். அப்படி எடுத்த படம் ஒன்றை அவர் அனுப்பியபோது சாதியா அதை வார்டு முழுக்கக் காட்டினார்.

பிறகு ஒரு நாள் வீடியோவைத் திறந்தால் கறுப்புத் திரை. இதிலுள்ள இசை தங்களுடையது என்று எங்கோ ஓர் இசை நிறுவனம் உரிமை கோரி, எல்லா நாடுகளிலும் முடக்கியிருந்தது. அவர்கள் குறிப்பிட்ட பாட்டைச் சாதியா கேள்விப்பட்டதே இல்லை.

இசை எங்கே கிடைத்தது, என்ன அனுமதி என்று எழுதி ஆட்சேபம் தெரிவித்தார். ஏதோ தவறு நடந்திருக்கிறது, சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்றுதான் நினைத்தார். சில வாரம் கழித்து நிராகரித்துவிட்டதாகப் பதில் வந்தது. காரணம் இல்லை. இனி மேல்முறையீடுதான். அதிலும் தோற்றால் வீடியோவை நீக்கிவிட்டுச் சேனலுக்கு எச்சரிக்கை போடுவார்கள். மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் சேனலே போய்விடும்.

அஸ்மத் பயந்தார். "மியூசிக்கை எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டு ஏத்திடு லா. அஞ்சு நிமிஷ வேலை."

"எடுத்தா நான் திருடினேன்னு ஆயிடும்ங்க. நான் திருடல."

"அது நமக்குத் தெரியும்."

"அவங்களுக்கும் தெரியணும்."

அன்று முதல்முறையாக அந்த நிறுவனத்தின் பாட்டைத் தேடிப்பிடித்துக் கேட்டார். ஓர் ஆண் குரல் காதலில் உருகிக்கொண்டிருந்தது. அதற்கடியில் அதே குழல். திரும்பத் திரும்பக் கேட்டார். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் குழல் நின்று, வாசிப்பவர் சட்டென்று மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். அந்த இடத்தில்தான் சாதியா தன் வீடியோவில் "இப்ப இழுங்க" என்பார். பாட்டிலும் அந்த மூச்சு அப்படியே இருந்தது. இலவச இசையின் மேல் ஒரு குரலை ஏற்றி, மொத்தத்தையும் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டு, ஊரிலுள்ளவர்களை எல்லாம் மடக்குகிறார்கள்!

நிரஞ்சனாவுக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. ஈப்போவில் இசை கற்றுத்தரும் இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தார். ஓர் இடத்தில் நிரஞ்சனாவே எடுத்தார்.

விஷயத்தைக் கேட்டதும், "ஆமா, யோகா சொல்லித்தர்ற ஒருத்தர்கூட இப்படி மெசேஜ் அனுப்பியிருந்தாரு. ஏதோ கம்ப்யூட்டர் கோளாறுன்னு விட்டுட்டேன்" என்றார்.

"கோளாறு இல்லை மேடம். நீங்க இழுத்த மூச்சைக்கூட அவங்களுதுன்னு சொல்றாங்க."

"நான் எவனுக்கும் விக்கலையே" என்றார் நிரஞ்சனா. "நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

தன் ஒலிப்பதிவில் குழலை மட்டும் தனியாகப் பிரித்து, தானே கேமரா முன் உட்கார்ந்து, இது என்னுடையது, எல்லாருக்கும் பொது என்று பேசி நிரஞ்சனா வெளியிட்டார். அந்தப் பாட்டு வெளிவருவதற்கு வெகு முன்பே இந்த இசை இணையத்தில் இருந்ததைச் சாதியா எடுத்துக் காட்டினார். மருத்துவமனை கேன்டீனில், குடிக்காத தே கோப்பையில் ஆறிக்கொண்டிருக்க, மேல்முறையீட்டை எழுதி முடித்தார். கடைசி வரி: "அந்த இடத்தில் மூச்சு இழுப்பது உங்கள் பாடகர் அல்ல, நிரஞ்சனா." அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

ஒரு சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீனுக்கு நின்றிருந்தபோது பதில் வந்தது. உரிமைக் கோரிக்கை விலக்கப்பட்டது; வீடியோ திரும்பிவிட்டது.

"ஏங்க, ஜெயிச்சிட்டோம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற அஸ்மத், முதலில் கேட்டதைப் போல் இரண்டு மடங்கு பெரிய வஞ்சிரமாகக் காட்டினார்.

சாதியா அதோடு விடவில்லை. இப்படி மாட்டிக்கொண்டால் என்ன எழுத வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தமிழில் ஒரு வீடியோ போட்டார். அதைப் பார்த்து யோகா ஆசிரியர் ஜெயித்தார். கேலாங்கில் கேக் செய்கிற ஃபஸீலா என்ற பெண் ஜெயித்தார். ஆட்சேபங்கள் குவியக் குவிய, நிறுவனம் அந்தப் பாட்டின் பதிவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தியை முதலில் சொன்னது நிரஞ்சனாதான். போனிலேயே இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினார்கள்.

மறுவாரம் நிரஞ்சனாவிடமிருந்து புதிதாக ஒரு குழலிசை வந்தது. இதுவும் எல்லாருக்கும் பொதுதான் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு வேண்டுகோள்: "அடுத்த வீடியோவைக் கழுத்து வலிக்குப் போடுங்க. வாசிச்சு வாசிச்சு என்னால தலையைத் திருப்ப முடியல."

சாதியா அன்று மாலையே பாயை விரித்துவிட்டார்.