கல்வளைவைப் படித்த இரண்டு வருஷம்

மலாயா மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கியதற்கு முந்தைய வருஷம் நான் மலாக்காவின் காஜா பெராங்கில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். லண்டனிலிருந்து தபால் வழியாக நடக்கும் வரலாற்றுப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தேன். கடைசித் தேர்வுக்கு ஒரு சிறப்புப் பாடத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இங்கே எல்லோரும் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய வரலாற்றைத்தான் எடுத்தார்கள். நான் எடுத்தது ரோமனெஸ்க் கலையும் சிந்தனையும்.

ஏறக்குறைய சோழர்கள் தஞ்சாவூரில் பெரிய கோயில் எழுப்பிய காலத்தில், ஐரோப்பாவில் பழைய ரோமானியர் பாணியில் அரைவட்ட வளைவு வைத்துக் கனத்த தேவாலயங்கள் கட்டினார்கள். அந்தக் கட்டடங்களுக்குத்தான் ரோமனெஸ்க் என்று பெயர். பள்ளியில் கழித்துப் போட்ட பத்திரிகை ஒன்றில் அப்படி ஒரு வாசலின் படத்தைப் பார்த்தேன். தூணின் உச்சியில் இரண்டு சிங்க உடம்பு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. நம் கோயில் யாளியைப் பார்த்த மாதிரி இருந்தது. யார் செதுக்கினார்கள், எதற்குச் செதுக்கினார்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும் போல இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை.

"நாடு நம்ம கைக்கு வரப்போவுது. இப்பப் போயி வெள்ளைக்காரன் கோயிலப் படிக்கிறீங்களே டீச்சர்?"

"அவங்க நம்ம கோயிலப் பத்திப் புத்தகம் புத்தகமா எழுதியிருக்காங்க சார். நம்மள்ள ஒருத்தராவது அவங்க கோயிலப் பத்திப் படிக்கலாம்ல?"

"ஃபெயிலானா என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேன் சார்."

மலாக்காவில் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லை. சிங்கப்பூர் நூலகம் ஒன்றுக்கு ஆறு கடிதம் எழுதிய பிறகு ஒரு தடித்த புத்தகம் தபாலில் வந்தது. நான்கு வாரத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். முழுவதையும் கையால் நகல் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும் உட்காருவேன். காலை வேலை முடித்து வந்திருக்கும் நாட்களில் வீட்டுக்காரர் வாசிப்பார், நான் எழுதுவேன். பிரெஞ்சு ஊர்ப் பெயர்களை இரண்டு பேருமே வாய்க்கு வந்தபடி உச்சரித்தோம். படங்களை மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் ஒற்றினேன். இறுதித் தீர்ப்பு நாளில் செத்தவர்கள் எழுந்து வரும் சிற்பத்தை அவர் வெகு நேரம் பார்த்தார்.

"விலா எலும்பெல்லாம் தப்பா இருக்கு," என்றார். "ஆனா பயம் சரியா இருக்கு. ஆபரேஷனுக்குப் போறவங்க மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

நான்காவது வாரம் புத்தகம் திரும்பிப் போனது. என்னிடம் ஐந்து நோட்டு இருந்தது. அதில் ஒரு பகுதி மட்டும் எனக்குப் புரியவே இல்லை. கல்வளைவு சும்மா நிற்பதில்லை, பக்கவாட்டில் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் சுவர் அவ்வளவு தடிப்பு, ஜன்னல் அவ்வளவு சிறிது என்று எழுதியிருந்தது. அசையாத கல் எப்படித் தள்ளும்?

கம்போங் செட்டியில் ஒரு குடும்பக் கோயிலின் சுற்றுச்சுவரைச் சரிசெய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் போய்க் கேட்டேன். அவரும் மலாக்காச் செட்டிதான், பல தலைமுறைக்கு முன்பு இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம். நெற்றியில் விபூதி, பேச்சு முழுக்க மலாய். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள்.

"சிக்கு, எதற்கு இது?" என்று மலாயில் கேட்டார். ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பரீட்சைக்கு அபாங்," என்றேன், அண்ணன் என்ற அர்த்தத்தில்.

"கொத்தனார் பரீட்சையா?"

விளக்கிச் சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிருக்கு வரச் சொன்னார். அங்கே ஒரு கால்வாயின் மேல் செங்கல் வளைவு கட்டிக்கொண்டிருந்தார். நானும் வீட்டுக்காரரும் சைக்கிளில் போனோம். சாந்து காய்ந்திருந்த வளைவின் அடியிலிருந்து மரச்சட்டத்தை அவர் தட்டி எடுத்தார். வளைவு அப்படியே நின்றது.

"பக்கத்தில் சுவர் இல்லாமல் ஒன்று வைத்துக் காட்டுங்கள்," என்றேன்.

"விழும்."

"விழுவதைத்தான் பார்க்க வேண்டும்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர், கேட்டதைச் செய்துவிடுங்கள் என்பது போலத் தலையசைத்தார். கொத்தனார் மண் தரையில் சட்டத்தை நிறுத்தி, சாந்து இல்லாமல் செங்கல்லை வளைவாக அடுக்கினார். வளைவின் இரண்டு கால்களையும் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சட்டத்தை உருவினார். உள்ளங்கையில் அதை உணர்ந்தேன். செங்கல் என் இரண்டு கையையும் வெளியே தள்ளியது, கனத்த கதவை உள்ளேயிருந்து யாரோ தள்ளுவதைப் போல. கொஞ்ச நேரம்தான் தாங்க முடிந்தது. கால் விரிந்து எல்லாம் சரிந்தது. கட்டை விரல் நகம் கறுத்துப்போனது. வீட்டுக்காரர் கட்டுப்போட்டார்.

தேர்வு கோலாலம்பூரில் நடந்தது. மற்ற எல்லாத் தாள்களிலும் தேறினேன். ரோமனெஸ்க் தாளில் மட்டும் தோற்றுப்போனேன். அழவில்லை. ஆனால் தலைமையாசிரியர் முகத்தில் ஒரு வாரம் விழிக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே கூப்பிட்டார்.

"அடுத்த தடவ சாம்ராஜ்யத்தையே எடுத்திருங்க. புத்தகம் நான் தாரேன்."

"இல்ல சார். அதையேதான் எழுதப் போறேன்."

எங்கே தவறினேன் என்று எனக்கே தெரிந்தது. மூன்று மணி நேரமும் கல்லையும் சுவரையும் பற்றியே எழுதியிருந்தேன். பாடத்தின் பெயரில் சிந்தனையும் இருந்தது. அந்தச் சுவர்களுக்குள் இருந்த துறவிகள் என்ன நினைத்தார்கள் என்று நான் படிக்கவே இல்லை. மறுபடியும் நூலகத்துக்கு எழுத ஆரம்பித்தேன். ஊரெல்லாம் மெர்டேக்கா ஊர்வலத்துக்குத் தயாரான மாதங்களில், நான் துறவிகளின் கடிதங்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். கொடி ஏறிய அன்று மட்டும் நோட்டை மூடி வைத்துவிட்டு எல்லோரோடும் தெருவில் நின்றேன்.

அந்தக் கடிதங்களில் ஒன்று என்னை உலுக்கியது. மடத்து முற்றத்தில் இந்த விகார மிருகங்கள் எதற்கு, ஜெபிக்க வேண்டியவன் கல்லைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழிப்பானே என்று ஒரு துறவி கடிந்துகொள்கிறார். ஆனால் ஒரு தலைக்குப் பல உடம்பு, நாலுகால் மிருகத்தின் தலை வைத்த மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

"இவரே நல்லா நின்னு பாத்திருக்காரு," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"பாக்காம எப்படித் திட்டுறது?"

பிடிக்காதென்று சொல்பவரையும் நின்று பார்க்க வைத்த சிற்பி யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலச் சிற்பிகள் பெரும்பாலும் தங்கள் பெயரை விட்டுச்செல்லவில்லை. ஆனால் ஒரே சுவருக்குள் இரண்டு மனசு இருந்தது என்று புரிந்தது. கண்ணால் கடவுளை நோக்கிப் போகலாம் என்று ஒன்று, கண்ணை மூடினால்தான் போகலாம் என்று இன்னொன்று. இரண்டாம் தடவை தேர்வில் அதைத்தான் எழுதினேன்.

தேர்வு முடிவுக் கடிதம் பள்ளி முகவரிக்கு வந்தது. தலைமையாசிரியர் அதை வகுப்புக்கே கொண்டுவந்து கொடுத்தார். நான் பிரித்துப் படிக்கும்வரை வாசலிலேயே நின்றார்.

"என்ன டீச்சர்?"

"பாஸ் சார்."

"அதே பாடமா?"

"அதே பாடந்தான்."

அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். பிறகு, "அந்த நோட்டெல்லாம் ஒரு தடவ குடுங்க, பாக்குறேன்," என்றார். ஐந்து நோட்டையும் துறவிகளின் கடிதங்கள் எழுதிய நோட்டையும் மறுநாள் கொடுத்தேன். அந்த வாரமே மேல்படிப்புக்கு விண்ணப்பப் பாரம் கேட்டு லண்டனுக்கு எழுதிப் போட்டேன்.