போன வழியில் திரும்புவதில்லை

2025 ஜனவரி 18, சனிக்கிழமை. மூன்றரைக்கு எழுந்தேன். குளித்து, ஃப்ளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு, ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களுக்கும் காற்றைப் பார்த்துவிட்டு, 4.35க்கு ஷார்ஜாவிலிருந்து வண்டியை எடுத்தேன். 5.05க்கு நண்பர் தன் கட்டட வாசலில் ஏறிக்கொண்டார். துபாய் தேராவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், கீழக்கரைப் பக்கத்துக்காரர். நான் அல் கூஸில் ஒரு பட்டறையில் தர ஆய்வாளன். அரிசி வாங்கப்போய்ப் பழக்கமானது. பதினோரு வருடமாக விடுமுறை நாட்களில் சேர்ந்து சாலைகளைச் சுற்றுகிறோம்.

எங்களுக்கு ஒரே விதிதான்: போன வழியில் திரும்புவதில்லை. அதைப் போட்டவரும் அவரே. முதல் பயணத்தில் ஃபுஜைரா மலையிலிருந்து ஏறிய வழியிலேயே இறங்கியபோது, "பாதி நாளு வீணு, இன்ஜினியரே. பாத்ததையே பாக்குறதுக்கு கடையிலயே உக்காந்திருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து எல்லாப் பயணமும் வட்டம்தான். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓட்டுபவர் மீட்டர் எண்ணைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதுவார். புதுச் சாலை ஒன்று தொடங்கும் இடத்தில் இரண்டு பேரும் இறங்கி நின்று பார்ப்போம். அதன் பிறகே உள்ளே போவோம்.

வண்டியில் எட்டக்கூடிய சாலைகளில் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. ஓமானில் இப்ரியைத் தாண்டி, ருப் அல் காலி பாலைவனத்தின் குறுக்கே சவூதிக்குள் போவது. அங்கிருந்து பத்ஹா எல்லை வழியாக எமிரேட்ஸுக்குள் வந்தால் வட்டம் முடியும். நண்பர் கடையைக் கைமாற்றிவிட்டு பிப்ரவரி எட்டாம் தேதி ஊரோடு போகிறார். அதற்குள் இதைச் சேர்ந்து ஓட்டிவிடுவது என்று போன கோடையிலேயே பேசி வைத்திருந்தோம்.

டிசம்பரில் ஒருநாள், கடைக் கல்லாவின் மேல் வரைபடத்தை விரித்துவைத்து அவர் கேட்டார்: "சவூதிக்குள்ள போனப்புறம் பெட்ரோல் எங்க கெடைக்கும்? ஒண்ணுமில்லாத காடாச்சே." எனக்கும் தெரியவில்லை. இரண்டு மாலைகள் செலவழித்து, அந்தப் பக்கம் லாரி ஓட்டும் ஒருவரைத் தேடிப்பிடித்து, பங்க் இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தேன். "ஒங்கள மாதிரி ஆளு கெடைக்காது" என்று தோளில் தட்டினார்.

ஓமானுக்குள் நுழையும் மெஸ்யத் எல்லையில் அவர் தன் பாஸ்போர்ட்டைத் தானே நீட்டி, தானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் எதுவும் நினைக்கவில்லை. இப்ரியில் பரோட்டாவும் டீயும். 11.10க்கு ஓமானின் கடைசிச் சாவடி. அங்கே வண்டியில் இருந்தபடியே ஓட்டுநரிடம்தான் எல்லாம் வாங்குவார்கள். நண்பர் தயங்கித்தான் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தார். அதிகாரி இளைஞர், நன்றாக உருது பேசினார். பக்கங்களைப் புரட்டியவர் குனிந்து நண்பரைப் பார்த்துச் சிரித்தார்.

"க்யா பாய், நவம்பர்லதான் போனீங்க. மறுபடியுமா? ரோடு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

பாஸ்போர்ட் அந்தப் பக்கம் திறந்தபடியே என் கைக்கு வந்தது. நவம்பரில் இதே சாவடியில் வெளியே போன முத்திரை. இரண்டு நாள் கழித்து இதே சாவடியில் உள்ளே வந்த முத்திரை. போனதும் வந்ததும் ஒரே வழி.

சாவடி தாண்டி நூறு மீட்டரில் ஓரம் கட்டினேன்.

"சவூதி ஜுபைல்லேருந்து மச்சினன் லீவுல வந்திருந்தான்" என்றார். "அவன் கூப்புட்டான். திடீர்னு போனதுதான்."

"டிசம்பர்ல பெட்ரோல் எங்க கெடைக்கும்னு கேட்டீங்களே, பாய்."

"கேக்காட்டி ஒங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா இந்த வண்டி கெளம்பியிருக்குமா? நீங்க நோட்ட மூடி வச்சிருப்பீங்க." வெளியே பார்த்தபடி சொன்னார்: "ஒங்ககூட வந்தா இருவது கிலோமீட்டருக்கு ஒருதடவை எழுதணும். ஒரு தடவையாவது எழுதாம போயிப் பாக்கணும்னு இருந்துச்சு."

முத்திரையைவிட அதுதான் அதிகம் வலித்தது. பதினோரு வருடமாக அந்த எழுத்தில் பாதி அவர் கையெழுத்து.

"வேணும்னா திரும்பிடலாம். எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அவருக்கு ஒன்றுமில்லைதான். அந்தச் சாலையை இன்னும் பார்க்காதவன் நான். நான் மட்டும் இறங்கி முன்னால் நின்று பார்த்தேன். இரு பக்கமும் செம்மணல் குன்றுகள், நடுவில் கறுப்பாக நேரே போகும் தார். ஓட்டத் தொடங்கினேன். மீட்டர் எண்ணை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றாவது மணி நேரத்தில், "இனி ஒட்டகம் குறுக்க வரும், பாத்து" என்றார். வந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்காகவே எனக்கு அந்த ஒட்டகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பத்ஹாவுக்கு முன்னால் சாலையோர விடுதி ஒன்றில், 6.40க்கு, இரண்டு கட்டில் போட்ட அறை எடுத்தோம். குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "அடுத்த மாசம் ஏர்போர்ட்டுக்கு நீங்கதானே கொண்டுபோய் விடணும். அதுவரைக்கும் பேசாமயா இருப்பீங்க?"

நான் என் ரொட்டியை மடித்து வைத்துவிட்டுக் கைகழுவ எழுந்துபோனேன். அவர் தலை வைத்ததும் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை 5.20க்கு எழுந்தேன். அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். முதல் வேலையாக, கைப்பேசியில் பிப்ரவரி எட்டாம் தேதிக்கு, அவர் கட்டட வாசலிலிருந்து விமான நிலையத்துக்கு, பெரிய பெட்டிகள் கொள்ளும்படியான டாக்சி ஒன்றை அவர் பெயரில் பதிவு செய்தேன்.